மருத்துவரிடம் அவள் சொன்ன பதில்கள்

வில்கமுவப் பக்கம் ஒரு சிங்களப் பாடசாலைக்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்க நான் போய்ச் சேர்ந்த அதே வருடம்தான் அவளும் வந்தாள். ஆங்கில ஆசிரியை. மாத்தளை டவுனில் முஸ்லிம் குடும்பம். இருவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். பாடசாலை விட்டு வந்து கதவைச் சாத்தியதும் தமிழ் பேசத் தொடங்குவோம். நாள் முழுவதும் அடக்கி வைத்த பேச்சு.

பாடசாலைக் கழிவறைக் கதவுக்குக் கொண்டி இல்லை. அதற்குப் பயந்து காலையிலிருந்து நான் தண்ணீரே குடிப்பதில்லை. இரண்டாம் தவணையில் சிறுநீர் எரிச்சல் தொடங்கியது. வெட்கத்தில் மறைத்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“எங்க வாப்பா ஒரு ஹோமியோபதி டொக்டர்கிட்டத்தான் போவாங்க. சனிக்கிழம நாமளும் போவோம், டீச்சர்.”

மாத்தளையில் ஒரு புடவைக் கடைக்கு மேலே அந்த மருத்துவரின் அறை. வயதானவர், தமிழிலேயே பேசினார். எரிச்சல் சிறுநீர் போகும்போதா, போன பிறகா? தாகம் உண்டா? நான் குனிந்த தலை நிமிரவில்லை.

“போய் முடிஞ்ச பொறகுதான் கூடுதலா எரியுது, டொக்டர். தாகம் இருக்கு, ஆனா குடிக்க மாட்டாங்க,” என்றாள் அவள்.

“தனியா இருக்க விருப்பமா, தொண வேணுமா?”

“தனியா இருக்கப் பயம். வாய் தொறந்து சொல்ல மாட்டாங்க. நான் வீட்டுக்குப் போற நாள்ல சாப்பிடவும் மாட்டாங்க.”

அதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

சின்னக் குப்பியில் வெள்ளை உருண்டைகள் தந்தார். கையால் தொடாமல் நான்கை நாக்கின் கீழ் வைக்க வேண்டும், கோப்பி கூடாது. கோப்பி இல்லாமல் இருக்க முடியாத அவளும் என்னோடு சேர்ந்து கோப்பியை விட்டாள்.

நான்கு நாட்கள் குறைந்தது போலிருந்தது. ஐந்தாம் நாள் வகுப்பிலேயே நடுக்கத்தோடு காய்ச்சல். முதுகில் ஒரு பக்கம் வலித்தது. பஸ்ஸுக்கு நேரமாகும் என்று அவள் வீதியில் வந்த டிராக்டரை மறித்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டதாம். ஊசி மருந்தில் காய்ச்சல் இறங்கியது. “இன்னும் முந்தி வந்திருக்கணும்,” என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். அவள் கட்டிலருகில் அழுதாள்.

“என்னாலதான். உங்கள நேரா இங்க கூட்டிட்டு வந்திருக்கணும்.”

“அப்படிச் சொல்லாதீங்க,” என்றேன்.

அதன் பிறகு இடைவேளைகளில் கழிவறைக்கு வெளியே கதவைப் பிடித்தபடி நிற்பாள், யாரோடாவது சிங்களத்தில் கதைத்துக்கொண்டே. அடுத்த வருடம் அவளுக்கு இடமாற்றம் கிடைத்தது. பிறகு திருமணம், கத்தார்.

போன மாதம் மறுபடி எரிச்சல். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிறுநீர் சோதித்து மாத்திரை எடுத்தேன், சுகமாகிவிட்டது. ஆனால் அந்த மாடி அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டே போனாளே, அந்தக் குரலுக்கு மனம் இன்னும் ஏங்குகிறது. இதை அவளுக்கு எழுத நினைத்தேன். “சுகமா?” என்று மட்டும் அனுப்பினேன்.