அத்தையின் ஊசியும் என் ஜோசியக் கடையும்

முட்டாள்களில் பெரும்பாலோர் தங்கள் முட்டாள்தனத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். அதற்குக் கடை போட்டு, வாடிக்கை பிடித்து, ஒரு தங்கச் சுரங்கத்தின் காலை ஷிப்டையே நிறுத்தியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பத்தொன்பதிலும் நிலைமை அப்படியொன்றும் மாறிவிடவில்லை.

அப்பாவுக்கு அந்தச் சுரங்க ஊரில், மாரிகுப்பம் பஜாரில் மளிகைக் கடை. அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, பெங்களூரில் நூலகப் படிப்பு முடித்துவிட்டு, அதே ஊரில் கோரமண்டல் என்ற பகுதியில் சுரங்க ஆபீசில் இருந்த டெக்னிகல் லைப்ரரியில் சேர்ந்திருந்தார். டைப் அடிக்காமல் அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். கொஞ்ச காலம் பார்ப்போம், சரிப்பட்டால் வைத்துக்கொள்வோம் என்று சொல்லித்தான் எடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு அந்தப் படிப்பின் மேலேயே மரியாதை இல்லை.

“புக்கு அடுக்கறதுக்கு இன்னாத்துக்குப் பரீட்ச? நம்ம கடையில பருப்பு டின்னுங்கள நான் அடுக்கல?”

“அடுக்கறது பெரிசில்ல அண்ணி. கேட்டா ஒடனே எடுக்கணும். நேத்து கசகசா கேட்டவன் இன்னும் கடையிலதான் நின்னுனு கீறான்,” என்பார் அத்தை. அப்பா சிரிப்பை வெற்றிலையோடு சேர்த்து மெல்லுவார்.

அத்தையின் தலையில் விழுந்த வேலை ஏர் பிளாஸ்ட் அறிக்கைகள். எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில், பாறை அழுத்தம் தாங்காமல் தானாகவே வெடிக்கும். மேலே வீடு ஆடும். அலமாரியில் ஏனம், பாத்திரமெல்லாம் உருளும். அடுப்படியில் பேச்சு நிற்கும். எந்த வீட்டு ஆள் இப்போது கீழே இருக்கிறான் என்று ஒவ்வொருத்தியும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள்.

அப்படி நடந்தவற்றைப் பற்றிய அறிக்கைகள் தலைமுறைக் கணக்கில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அத்தை ஒவ்வோர் அறிக்கைக்கும் ஓர் அட்டை போட்டார். அட்டையின் ஓரம் நெடுகத் துளைகள். ஒரு துளை என்றால் இந்த ஷாப்ட், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் குழி, இன்னொன்று இவ்வளவு ஆழம், மற்றொன்று வெடி வைத்த பிறகு நடந்தது, இப்படித் துளைக்கொரு அர்த்தம். அந்த அறிக்கைக்கு எது பொருந்துகிறதோ அந்தத் துளையை மட்டும் ஓரம்வரை வெட்டித் திறந்துவிடுவார். பிறகு மொத்தக் கட்டையும் சேர்த்துப் பிடித்து, ஸ்வெட்டர் பின்னும் ஊசியை ஒரு துளையில் நுழைத்துத் தூக்கி உதறினால், வெட்டிய அட்டைகள் பொலபொலவென்று விழும். மற்றவை ஊசியிலேயே தொங்கும். விழுந்தவற்றை அடுக்கி அடுத்த துளையில் குத்தினால் அதிலும் பொருந்துவது மட்டும் விழும். சலித்துச் சலித்துக் கடைசியில் கேட்டது கையில் நிற்கும்.

ஒரு சனிக்கிழமை ஆபீசுக்குக் கூட்டிப்போய் இதை எனக்குச் செய்து காட்டினார். நான் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன்: இது கிளி இல்லாத கிளி ஜோசியம்.

தப்பாக வெட்டிய அட்டைகளைப் படம் வரைந்துகொள்ளச் சொல்லி அத்தை எனக்குக் கொடுப்பார். அவற்றின் பின்பக்கம் யானை, பாம்பு, ரயில், சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கேஜ் என்று வரைந்துகொண்டேன். அத்தையின் பெட்டியிலிருந்து ஓர் ஊசி. கோடை விடுமுறை. குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்களுக்குத் தண்ணீர் வரும்வரை வேறு போக்கிடம் கிடையாது. தொழில் தொடங்க வேறென்ன வேண்டும்? கட்டணம் வேர்க்கடலை, பொரியுருண்டை. யானை விழுந்தால் பதவி உயர்வு, ரயில் விழுந்தால் மருமகள். வியாபாரி மகன் என்பதால் எவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

எங்கள் எதிர்வீட்டு அக்காதான் விபரீதத்தை ஆரம்பித்தாள். அவள் புருஷன் சுரங்கத்தில், லெவல் என்று சொல்லும் ஆழ்மட்டம் ஒன்றில், பாறையில் துளை போடுகிறவர்.

“எங்க வூட்டுக்காரு லெவலுக்குப் பாருடா. மனசே சரியில்ல.”

உதறினேன். கேஜ் விழுந்தது. கேஜ் தலைகீழாக இருந்தது. அட்டையை நான்தான் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. தொழில் தர்மப்படி குரலைத் தாழ்த்தி, “கேஜ் கவுந்து கீது அக்கா. ரெண்டு நாளிக்கி எறங்க வாணாம்னு சொல்லு,” என்றேன்.

“யார் கார்டுடா இது?”

“ஆபீஸ் கார்டு. எங்க அத்தையோடது.”

அவ்வளவுதான். என் வாக்கை ஊரில் நாய்கூட மதிக்காது. ஆபீஸ் கார்டு என்றால் கதை வேறு. மறுநாள் காலை சங்கு ஊதியபோது எதிர்வீட்டு அண்ணன் ஷாப்ட் வாசலில் உட்கார்ந்துவிட்டார். காரணம் கேட்ட அவருடைய கூட்டாளிகளும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்து அடுத்த கூட்டமும் உட்கார்ந்தது. கேஜ் காலியாக நின்றது.

வெயில் ஏறுவதற்குள் ஆபீஸ் பியூன் என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஓட்டிப்போனார். வழி நெடுக, “நல்லா வாழ்ந்தடா கண்ணு,” என்று இறந்தகாலத்திலேயே பேசிக்கொண்டு வந்தார்.

பெரிய துரையின் அறை. வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வெகுகாலமாகியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரை ஊர் துரை என்றுதான் அழைத்தது. ஒரு பக்கம் ஷிப்ட் பாஸ். வாசலில் எதிர்வீட்டு அண்ணனும், அவருக்குப் பின்னால் அக்காவும். நடுவில் அத்தை, கையில் அட்டைப் பெட்டியோடு.

“இந்தப் பையனா?” என்றார் துரை. மேஜைக்கு மேலே என் முடி மட்டும் தெரிந்ததால் நம்பிக்கை வரவில்லை போலும்.

“எங்க அண்ணன் பையன் சார்.”

“அம்மா, இது மைன். கோயில் வாசல் இல்ல. ஒரு ஷிப்டே நின்னுபோச்சு. லைப்ரரிக்கு லேடி சரிப்படாதுன்னு நான் அப்பவே சொன்னேன். இந்த மாசத்தோட…”

“ஒரு கேள்வி கேளுங்க சார். அப்புறம் அனுப்புங்க,” என்றார் அத்தை.

துரை அவரைப் பார்த்தார். பிறகு வேண்டுமென்றே சிக்கலாகக் கேட்டார்: இந்த ஷாப்டில், இந்த ஆழத்துக்குக் கீழே, வெடி வைத்த அதே ஷிப்டில், கருங்கல் பாறை குறுக்கே ஓடுகிற இடத்தில் நடந்தவை எவை? அந்தக் கேள்விக்கு பதில் தேட ஒரு குமாஸ்தா மூட்டைகளோடு குடித்தனமே நடத்தியிருப்பார்.

அத்தை ஊசியை நுழைத்தார். உதறினார். அடுக்கினார். மறுபடி குத்தினார். துரையின் கைக்கடிகாரம் டிக் டிக்கென்றது எனக்குக் கேட்டது. கடைசியாக உதறியபோது மேஜை மேல் சில அட்டைகள் விழுந்தன.

துரை ஒன்றை எடுத்துப் படித்தார். அடுத்ததைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவதைப் படித்தார். யாரையோ வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தோமே என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

“இன்னொண்ணு கேக்கறேன்,” என்றார்.

அதுவும் விழுந்தது. மூன்றாவது கேள்விக்கு நாற்காலியைவிட்டு எழுந்தார். நான்காவதற்கு, “குடுங்க, நானே குத்தறேன்,” என்று ஊசியையே வாங்கிக்கொண்டார். குழாயடியில் என் வாடிக்கைகள் வைத்திருந்த அதே முகம். பொரியுருண்டை ஒன்றுதான் குறைச்சல்.

அப்போது வாசலிலிருந்து எதிர்வீட்டு அண்ணன் சொன்னார்: “தொர, நம்ம லெவலக் கேளுங்க.”

துரை குத்தி உதறினார். ஒன்றும் விழவில்லை. பலமாக உதறினார். ஓர் அட்டைகூட அசையவில்லை.

“பாத்தியா! ஒண்ணுமே இல்ல. சேஃப்.” துரை அத்தை பக்கம் திரும்பினார். குரல் தேனாகியிருந்தது. “அம்மா, இவங்க உங்க கார்டத்தான் நம்பறாங்க. நீங்களே சொல்லிடுங்க, சேஃப்னு. அவங்க எறங்கட்டும். உங்க வேலையப் பத்தி அப்புறம் நல்லபடியாப் பேசலாம்.”

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். சொல்லுங்க அத்தை, சொல்லுங்க என்று நான் கழுத்து வலிக்கத் தலையாட்டினேன்.

“சொல்லமாட்டேன் சார்,” என்றார் அத்தை. “விழலன்னா, எழுதி வெச்சதுல இல்லன்னு அர்த்தம். நடக்கலன்னு அர்த்தம் இல்ல.”

துரையின் முகம் பழையபடி இறுகியது. ஷிப்ட் பாஸ் உதட்டைப் பிதுக்கினார். பின்னாலிருந்து அக்கா வெடித்தாள்:

“ஆமா, இன்னாத்த எழுதி வெச்சீங்க? போன வாரம் இவுரு கீழ இருக்கசொல்ல எங்க வூட்ல ஏனமெல்லாம் உருண்டுச்சே, ஒரு வாட்டியா ரெண்டு வாட்டியா? அத எவன் எழுதனான்?”

“அது சின்ன ஆட்டம்மா. யாருக்கும் அடி படல. அதுக்கெல்லாம் ரிப்போர்ட் கெடையாது,” என்றார் ஷிப்ட் பாஸ்.

அத்தை பெட்டியிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்தார். துரையின் மேஜையிலேயே அதை வைத்து, “என்னிக்கு அக்கா? காலையிலயா, சாயங்காலமா?” என்று கேட்டுக்கொண்டே நறுக் நறுக்கென்று வெட்ட ஆரம்பித்தார். துரை அந்தக் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டெலிபோனை எடுத்தார். அந்த லெவலில் பாறையைத் தாங்கும் முட்டுக் கட்டைகளைப் பார்த்துவிட்டு வரும்வரை ஒருவரும் இறங்க வேண்டாம் என்று உத்தரவு போட்டார்.

பார்க்கப் போன இஞ்சினியர்கள் மாலையில் திரும்பினார்கள். ஒரு பக்கத்து முட்டுகள் அழுந்திப் பிளந்திருந்தனவாம். அவற்றை மாற்றிய பிறகுதான் ஆட்கள் இறங்கினார்கள். எல்லோரும் ஏறியும் வந்தார்கள்.

அதற்குப் பிறகு அத்தையை நிறுத்த யாராலும் முடியவில்லை. வேலை நிரந்தரமானது. தனி அறை கிடைத்தது. அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்க இரண்டு ஆண் குமாஸ்தாக்கள் வந்தார்கள். எவ்வளவு சின்ன ஆட்டமானாலும் லைப்ரரிக்குத் தகவல் போகவேண்டும் என்று உத்தரவாயிற்று. குழாயடிப் பெண்கள் அந்த உத்தரவைத் தங்களுக்கென்றே எடுத்துக்கொண்டு, “ஆபீசம்மா, காலீல சொம்பு உருண்டுச்சு, எழுதிக்கோ,” என்று அத்தையை ரயிலடிவரை துரத்தினார்கள். என் வாக்கும் பலித்துவிட்டது என்று கூட்டம் இரட்டிப்பானது. அம்மா கரண்டியோடு வந்து கடையை மூடினார்.

சில வருடங்களில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டது. அங்கே முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குப் போட்டதும் ஓட்டை அட்டைதான். தூரத்துச் சொந்தத்தைக் கண்டதுபோல் அத்தை சிரித்தாராம். எழுபதுகளின் கடைசியில் அந்த நிலையத்தின் தகவல் பிரிவுக்கே தலைவரானார். அந்த நாற்காலியில் அதற்கு முன் பெண் உட்கார்ந்ததில்லை. “எங்க நாத்தனாரு,” என்று அம்மா பாராட்டு விழாவில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார், கேட்காதவர்களிடமும்.

அன்று நானும் மாலையோடு போயிருந்தேன். என் ஜோசியக் கடையால் வந்த வாழ்வு இது என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். துரையின் அறையில் மேஜை மேல் விழுந்த அட்டைகளால்தான் அத்தை ஜெயித்தார் என்று நினைத்திருந்தேன். கைக்கு வந்த வேலையை ஒரு வார்த்தையில் அவர் திருப்பிக் கொடுத்ததை, பக்கத்திலேயே நின்றும் நான் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன்.

“சேஃப்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா துரை அப்பவே மால போட்டிருப்பாரே அத்தை. ஏன் சொல்லல?”

மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துக்கொண்டே அத்தை சொன்னார்:

“கீழ எறங்கப் போறது நான் இல்லியேடா.”