ஆபீசருக்குப் போட்ட நாற்காலி

அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் இருக்கும் எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அவர் வரிசை முழுவதற்கும் விருந்தாளிதான். ஒரு வீட்டு நாற்காலி, இன்னொரு வீட்டுப் பூப்போட்ட கோப்பை, எல்லாம் அந்த வீட்டுக்கு வந்து சேரும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களே அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

போன வருடம் அரசாங்க நிவாரணத்துக்காக வீடு பார்க்க ஓர் ஆபீசர் வருகிறார் என்றார்கள். என் வீட்டுக்காரர் மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு முடியாமல் கிடந்த நேரம் அது. நான் ஒருத்தி கொழுந்து பறித்துத்தான் அடுப்பெரிந்தது. நிவாரணம் கிடைத்தால்தான் அவரை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முடியும். மாரியம்மனிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று காலையிலேயே பக்கத்து வீட்டு அக்கா நீல நாற்காலிகளைத் தூக்கி வந்தாள்; ஒன்றின் கால் கம்பியால் கட்டியது. கோப்பைகள் வந்தன. கடைசி வீட்டு மதினி மின்விசிறியையே சுமந்து வந்துவிட்டாள்.

"இந்தக் குளிருக்கு ஃபேன் எதுக்கு மதினி?"

"சும்மா ஓடட்டும்டி. ஆபீசர் வர்றாரு, ஒரு மரியாதை வேணாமா?"

அவர் எதைப் பார்க்க வருகிறார் என்பது எங்களில் ஒருவருக்கும் மண்டையில் ஏறவில்லை.

ஆபீசர் ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. தேத்தண்ணி குடித்தபடி சுற்றிப் பார்த்தார்.

"ஃபேனெல்லாம் வச்சிருக்கீங்க. வசதியானவங்களும் நிவாரணம் வாங்குறாங்கன்னு டிவியில தினமும் சண்டை. நான் என்னத்தம்மா எழுதுறது?"

இரவல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விருந்தாளி முகத்துக்கு நேரே அதை எப்படிச் சொல்வது? அவர் அடுத்த வீடுகளைப் பார்க்க வெளியே போனதும் அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

"அழுவுறது இருக்கட்டும், மொதல்ல அந்த ஃபேன நிப்பாட்டு. நடுங்குது" என்றார் படுத்திருந்தவர்.

நிறுத்துவதற்குள் மதினி வந்து கழற்றிக்கொண்டு ஓடினாள். நாற்காலிகள் அதற்கு முன்பே கொல்லை வழியாக அக்கா வீட்டுக்குப் போய்விட்டன. அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு. அங்கே உட்காரப் போன ஆபீசர், கம்பி கட்டிய நாற்காலிக் காலைக் குனிந்து பார்த்தாராம்.

"ஏங்க, இது எனக்கு முன்னாலயே வந்து நிக்குதே?"

"நீங்க மெதுவா நடக்குறீங்க சார்" என்றாள் நாற்காலியோடு அங்கே வந்திருந்த அக்கா. "வந்தவங்களத் தரையிலயா உக்கார வைக்கிறது?"

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டு நேராக என் வீட்டுக்குத் திரும்பி வந்து, வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்கம்மா. ராத்திரிக்கு என்ன சமைப்பீங்க?"

"ரொட்டியும் தொட்டுக்க சம்பலும் சார். மா இருந்தா."

உள்ளே போய் என் வீட்டுக்காரரின் இடுப்பைப் பற்றியும் விசாரித்தார். முன்பு எழுதியதை அடித்துவிட்டு, புதிதாக எழுதினார்.

வீட்டில் கிடக்கும் பொருளை வைத்து ஏழை யார் என்று டிவியில் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களையும் யாராவது நல்ல நாற்காலி போட்டுத்தான் உட்கார வைத்திருப்பார்கள்.

நிவாரணம் கிடைத்தது. வைத்தியம் பார்த்து, இப்போது இவர் மெல்ல நடந்து வேலைக்குப் போகிறார். ஆஸ்பத்திரி நாளில் பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் டாக்டரையும் சேர்த்துத் திட்டுகிறார். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போடுகிறேன். பேர் கேட்க மறந்த அந்தப் பிள்ளைக்காகவும் ஒரு திரி சேர்த்துப் போடுகிறேன்.