பொடியில் திரும்பக் கலந்தது

என் அக்கா தையல்காரி. நூல் பிசகினாலும் பிரித்துத் தைக்கிற பிடிவாதக்காரி. அவள் மகள் சிட்டுக்கு இரண்டு வயதாகியும் தவழவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுவரில் தலையை மோதி அலறிக்கொண்டே இருப்பாள். "வளர்ப்பு சரியில்லை" என்றார்கள் சொந்தக்காரர்கள். நரம்பில்லாத நாக்கு, எதையும் பேசும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டாக்டர்தான் சிட்டுவின் மூத்திரத்தைச் சோதித்துக் காரணம் சொன்னார். பாலிலும் பருப்பிலும் இருக்கும் ஒரு சத்து அவள் உடம்பில் கரையாமல் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. தாய் தகப்பன் இருவர் வழியாகவும் வந்த பிறவிக் குறை. பாலுக்குப் பதிலாக, அந்தச் சத்தை மட்டும் நீக்கி அவரே ஒரு பொடி தயாரித்தார். அதைக் கரைத்தால் வருகிற நாற்றம் குடலைப் புரட்டும்.

ஆனால் சிட்டு தவழ்ந்தாள். தையல் மிஷினுக்கு அடியில் புகுந்து, அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அக்கா தைப்பதை நிறுத்திவிட்டு ஓவென்று அழுதாள்.

அடுத்த மாதம் எல்லாம் தலைகீழ். மறுபடியும் சுவர், மறுபடியும் அலறல்.

"நான்தான்டி அளவ தப்பா போட்டுட்டேன்" என்று அக்கா பொடி நிறுக்கும் தராசைத் துடைத்துத் துடைத்து மாய்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ பால் ஏதாச்சும் குடுத்தியா?"

அந்தக் கேள்விக்காக அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

டாக்டரிடம் ஓடினோம். நீக்கிய சத்தைப் பொடியில் திரும்பக் கலந்தது அவரேதான். எங்களிடம் மூச்சுகூட விடவில்லை.

"பொடியாலதான் தேறினாளான்னு தெரியணும்மா. முன்னாடியே சொல்லியிருந்தா உங்க கண்ணே உங்கள ஏமாத்தும்."

அவர் கழுத்தைத் திருகலாம் போலிருந்தது. அதோடு விட்டாரா? மற்ற டாக்டர்கள் நம்பவில்லையாம். நல்ல பொடியில் சிட்டு தேறியதும், அவர்கள் கண்முன்னே இன்னொரு தடவை கலக்க வேண்டுமாம்.

"முடியாதுன்னு சொல்லுக்கா."

"அவங்க நம்பலன்னா வேற எந்தப் புள்ளைக்கும் இது கிடைக்காதுடி. பொறந்த உடனே குடுத்தா மூளை கெடவே கெடாதாம்."

கலந்தார்கள், பார்த்தார்கள், நம்பினார்கள். நல்ல பொடிக்குத் திரும்பியதும் சிட்டு தவழ்ந்தாள். முகத்தை மட்டும் அதன்பிறகு பார்க்கவில்லை. பொடியை ஆரம்பிக்கும்போதே அவளுக்குக் காலம் கடந்துவிட்டது என்றார் டாக்டர். இருக்கலாம். நான் அவரை மன்னிக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு பெண், டாக்டரிடம் விசாரித்துக்கொண்டு, கைக்குழந்தையோடு அக்காவின் தையல் கடைக்கு வந்தாள். அதற்கும் இதே குறைதான். பிறந்ததுமே கண்டுபிடித்து, அந்தப் பொடியிலேயே வளர்க்கிறார்கள். குழந்தை அக்காவின் கழுத்திலிருந்த டேப்பை இழுத்து, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது.

"உங்க பொண்ணாலதான்க்கா இவ இப்படி இருக்கா" என்றாள் அந்தப் பெண்.

சிட்டு சுவரோரம் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணும் சிரிச்சாம்மா" என்றாள் அக்கா. "கொஞ்ச நாள்."