சாமிக்கு நேர்ந்த உப்பு

சூனியம், வேண்டுதல் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தியாகதுருகத்தில் தையல் கடை வைத்திருந்தேன். முழங்கை, முழங்கால், முதுகு எல்லாம் சொரியாசிஸ். அரிப்பென்றால் கொஞ்ச நஞ்ச அரிப்பு இல்லை, துணி அளக்கிற ஸ்கேலால் ரத்தம் வரச் சொறிந்தாலும் அடங்காது, செதில் உதிர்ந்து தைக்கிற துணியில் விழும். ஒட்டுகிற வியாதி இல்லை என்று டாக்டர் சொன்னதை நான் நம்பினேன், ஊர் நம்பவில்லை. வாடிக்கை போனது, தூக்கம் போனது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

கடைசியில் என் மனைவி உப்பும் மிளகும் பொட்டலம் கட்டி, என் உடம்பை மூன்று சுற்றுச் சுற்றிக் கையில் கொடுத்தாள். "கல்வராயன் மலைக் கோயில்ல போட்டுட்டு வாங்க. வழியில யாருக்கும் குடுத்துடாதீங்க, உங்க அரிப்பு அவங்களுக்குப் பூடும்" என்றாள். அவள் வாயை அடைக்கத்தான் கிளம்பினேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. கள்ளக்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் புளியமரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள், நான் வந்த பஸ்ஸுக்குப் பின்பக்கமும் ஒரு மரம் விழுந்துவிட்டது. உச்சி வெயில், பஸ்ஸில் பிள்ளைகள் பசியில் கத்துகின்றன. கூலி வேலை முடிந்து கருணாபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா, பையிலிருந்த நொய்யை எடுத்து, அந்த மரத்துக் கிளையையே ஒடித்து அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்துவிட்டார். உப்புதான் இல்லை. எப்படித் தெரிந்ததோ, நேராக என்னிடம் வந்தார்.

"மடியில உப்புதான வச்சிக்கினு கீறீங்க, குடுங்கண்ணா."

"சாமிக்கு நேந்ததும்மா."

"சாமி ஒரு நாளு உப்பில்லாம துன்னட்டும். புள்ளைங்க கத்திக்கினு கீதுங்களே!"

நம்பிக்கை இல்லாதவன்தானே, கொடுத்துவிட்டேன். என் உடம்பைச் சுற்றியது என்பதை மட்டும் சொல்லவில்லை, வெட்கம்.

பொட்டலம் முழுக்கக் கொட்டினார், என் கண்ணால் பார்த்தேன். ஆனால் குடித்த அத்தனை பேரும் சப்பென்று இருக்கிறது என்றார்கள், நானும் குடித்தேன், ஒரு கல் உப்பில்லை, ஒரு மிளகுகூடக் கண்ணில் படவில்லை. அந்த அம்மா மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டு, "யப்பா, இன்னா இப்டிக் கரிக்குது!" என்று தண்ணீருக்கு ஓடினார்.

சாயங்காலம் மரத்தை இழுத்துப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது, மத்தியானத்திலிருந்து நான் சொறியவே இல்லை. அன்று பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்தவன் விடிந்துதான் எழுந்தேன், சந்தோஷத்தில் அழுதேன். அரிப்பு அதற்கப்புறம் திரும்பவே இல்லை. சிலருக்குத் தானாக அடங்கும் என்றார் டாக்டர். அப்படியே இருக்கட்டும், பிழைத்தேன் என்று இருக்கிறது.

அன்று சாயங்காலம் அந்த அம்மா எங்களுக்கு முன்பே நடையைக் கட்டியிருந்தார். பஸ் அவரைத் தாண்டும்போது பார்த்தேன். பையைத் தரையில் வைத்துவிட்டு, முழங்கையைச் சொறிந்துகொண்டு நின்றார். கொசுவாகக்கூட இருக்கலாம். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சிக்கு எத்தனையோ முறை போய்விட்டேன். கருணாபுரம் பக்கம் மட்டும் இதுவரை போனதில்லை.