மாமியின் ஓவனில் இரண்டு முட்டைகள்

"பல்லி வித்து இன்னொரு வீடும் வாங்கியாச்சோ?"

பிறந்தநாள் விழாக்களில் யாராவது ஒரு அங்கிள் இதைக் கேட்காமல் என்னை விடுவதில்லை. கேட்டுவிட்டுத் தானே பெரிதாகச் சிரிப்பார். நானும் பல்லைக் காட்டி வைப்பேன். டொரொண்டோவின் ரூஜ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒரு அறை முழுக்கப் பல்லி வளர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறேன் என்பது சொந்தத்துக்குள் அவ்வளவு பெரிய பகிடி.

சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. லெப்பர்ட் கெக்கோ என்பார்கள். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, கொழுத்த வால். சுவரில் ஏறத் தெரியாது. தரையில் மெல்ல நடந்து வந்து, நம்மை நிமிர்ந்து பார்த்து, இமையை மூடித் திறக்கும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன்.

இதில் காசு பார்க்கலாம் என்று நம்பி வருகிறவர்கள் குஞ்சின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். குளிர்காலம் முழுக்க ஓடுகிற சூட்டு விரிப்புகளையும் கரண்ட் பில்லையும் யாரும் பார்ப்பதில்லை. சாப்பாட்டுக்கு வாங்கும் சில்வண்டுகளில் பாதி, பல்லியின் வாய்க்குப் போகும் முன்னே செத்துவிடும். தப்பியது ஒன்று உடுப்புக் காயவைக்கும் மெஷினுக்குப் பின்னால் இருந்து கச்சேரி வைக்கும். ஆண் குஞ்சுகளை ஒன்றாக வைத்தால் கடித்துக் குதறிக்கொள்ளும், ஆளுக்கொரு பெட்டி வேண்டும். விலைப்படாதது மாதக்கணக்காக இருந்து சாப்பிடும். வாங்க வருகிறவர்களில் சிலரைப் பார்த்ததுமே கொடுக்க மனம் வராது. நாய் பூனை பார்க்கிற வைத்தியர்கள் பல்லி என்றதும் கையை விரித்துவிடுவார்கள். ஊர்வன பார்க்கிற வைத்தியரிடம் போக நகரத்தின் மற்ற மூலைக்குக் கார் ஓட வேண்டும். லாபம் என்று சொல்ல எனக்கு ஒரு வருஷமும் அமையவில்லை.

மாமா காலமானபிறகு மாமி, என் கணவரின் அம்மா, எங்களோடு வந்து இருந்தார். வந்த நாளில் இருந்து பேஸ்மென்ட் படியில் அவர் கால் வைத்ததில்லை. அவருடைய உடுப்பையும் நான்தான் கீழே கொண்டுபோய்த் தோய்த்துக் கொண்டு வருவேன். பல்லி சொன்னால் பலன் பார்க்கிற மனுஷி அவர்.

"உது வாய் திறந்து ஒண்டும் சொல்லாத பல்லி. உதாலை ஆருக்கு என்ன பலன்?" என்று ஒருநாள் கேட்டார்.

பனி கரையத் தொடங்கியிருந்த நேரம். என்னிடம் முதன்முதலில் வந்த பெண் பல்லி இரண்டு முட்டை இட்டது. அடுத்த சோடி முட்டை வெளியே வராமல் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. சாப்பாட்டைத் தொடவில்லை, வால் மெலிந்து போனது. வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒப்பரேஷன் செய்தால்தான் உண்டு, அதிலும் உறுதி இல்லை என்றார். செய்யச் சொன்னேன். அது மயக்கத்தில் இருந்து எழும்பவே இல்லை. நன்றாகப் பார்க்கிறவர்களிடமும் இப்படி நடக்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, வெறும் பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன்.

வந்து பார்த்தால், அது முதலில் இட்ட இரண்டு முட்டையும் இருந்த அடைகாக்கும் பெட்டி குளிர்ந்துபோய்க் கிடந்தது. தெர்மோஸ்டாட் பழுது.

"இப்போதைக்கு இன்னொரு மெஷின் வேண்டாம், ப்ளீஸ். போதும்," என்றார் கணவர். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். எனக்கும் சண்டை பிடிக்கத் தெம்பு இல்லை. முட்டைகள் இருந்த சின்ன டப்பாவைக் குசினி மேசையில் வைத்துவிட்டு அழுதேன். பல்லிக்கு அழுகிறவளைப் பார்த்து யாரும் சிரிக்கட்டும், எனக்கு அப்போது அது ஒன்றுமில்லை.

மாமி எட்ட நின்று டப்பாவைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, உதுக்கு எவ்வளவு சூடு வேணும்?"

சொன்னேன்.

"நான் தோசைமா வைக்கிற இடம் போதாதே?"

ஊரில் மா தானாகப் புளிக்கும். இங்கே ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல், உள்ளே இருக்கும் லைற்றை மட்டும் எரியவிட வேண்டும். டொரொண்டோவில் தோசை சுடுகிற வீடுகளுக்கு இது தெரியும். மா உள்ளே இருப்பதை மறந்து ஓவனைப் போட்டுப் பானையையும் மாவையும் கெடுத்த கதையும் முக்கால்வாசி வீடுகளில் இருக்கும். தெர்மோமீற்றரை உள்ளே வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. மாமி வந்து கதவில் ஒரு அகப்பையைச் செருகி, சின்ன நீக்கல் விட்டார். சூடு சரியாக வந்து நின்றது.

"அப்ப மாவை எங்கை வைப்பீங்கள், மாமி?"

"மா கிடக்கட்டும். உதுகள் தாயில்லாததுகள்."

அன்று தொடங்கி எங்கள் குசினி சட்டம் மாறியது. மாமியின் பட்டர் கேக்கைக் கேட்டு வாங்கப் பக்கத்து ஊர்களான மார்க்கத்திலும் பிக்கரிங்கிலும் ஆட்கள் உண்டு. யார் கேட்டாலும் ஓவன் பழுது என்று ஃபோனில் கூசாமல் பொய் சொன்னார். மாப்பானை ஹீற்றர் ஓரத்துக்குப் போய், தோசை அட்டை மாதிரி வந்தது. வாய் ருசிக்காரி, ஒரு சொல் முறைப்பட்டதில்லை. முட்டையைப் புரட்டவோ சரிக்கவோ கூடாது, உள்ளே இருக்கிற கரு செத்துவிடும் என்று நான் சொன்னதை, வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் தான் கண்டுபிடித்ததுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தாங்க்ஸ் சொன்னால், "உந்தத் தாங்க்ஸை உன்ரை ஒஃபிஸிலை வைச்சிரு" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை கணவர் வேலையால் பசியோடு வந்தார். நான் கீழே பெட்டிகள் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். மாமி சாமி அறையில். கணவர் பீட்சாவை வெளியே எடுத்து வைத்து, கதவு நீக்கலாக இருக்கிறதே என்று அகப்பையை இழுத்துப் போட்டு, ஓவனைப் போட்டுவிட்டார். பழக்கதோஷம். ஓவன் போட்டால் வருகிற அந்தக் கீச்சுச் சத்தம் மாமிக்குக் கேட்டிருக்கிறது.

நான் மாமியின் சத்தம் கேட்டு மேலே ஓடி வந்தபோது, முழங்கால் வருத்தக்காரியான மாமி நெற்றியில் திருநீறோடு குசினி நடுவில் நின்றார். ஓவன் கதவு திறந்து கிடந்தது. டப்பா அவருடைய இரண்டு கையிலும் மட்டமாக இருந்தது. உள்ளே கம்பியில் பட்டு மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு. மகனைத் திட்டி முடித்திருந்தார், ஆனால் அசையவில்லை.

"எங்கை வைக்கிறது, பிள்ளை? சரிக்கப்படாதெண்டு சொன்னனியெல்லே."

அதை வாங்கி வைத்துவிட்டு அவருடைய கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். அந்த மனுஷி பல்லிப் பெட்டியை அதுவரை தொட்டதில்லை. கணவர் ஒரு மூலையில் நின்று, "சொறி அம்மா, சொறி" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு நாளில் புது மெஷின் வாங்குவோம் என்று அவரே சொன்னார். வேண்டாம் என்றார் மாமி. பெட்டி மாறினால் குலுங்குமாம்.

ஒரு முட்டை பிறகு சுருங்கிப் பூஞ்சணம் பிடித்தது. மற்றது தாக்குப்பிடித்தது.

அது பொரிக்கும்போது நான் மார்க்கத்தில் வேலையில் இருந்தேன். மாமி வீடியோவில் கூப்பிட்டார். முதலில் அவருடைய தாடைதான் தெரிந்தது. பிறகு கமரா திரும்பியது. கிழிந்த முட்டைக்குள் இருந்து ஒரு தலை. இமை ஒருமுறை மூடித் திறந்தது. மாமி என்னோடு பேசாமல் அதோடு பேசிக்கொண்டிருந்தார். மெல்ல, மெல்ல, அவசரம் இல்லை என்று. முழுதாக வெளியே வர நேரம் எடுத்தது. நான் ஒஃபிஸ் சாப்பாட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். மஞ்சளும் கறுப்புமாக வரிவரியாக, விரல் நீளத்தில் ஒரு குஞ்சு.

"வடிவாயிருக்குது," என்றார். "தாய்க்கும் இப்பிடித்தான் வரி இருந்ததோ?"

"சின்னனிலை இருந்தது, மாமி. வளர வளரப் புள்ளியா மாறிட்டுது."

"இவ்வளவு காலமும் ஒரு வீட்டுக்குள்ளை இருந்தும், நான் ஒருநாளும் இறங்கி வந்து அதைப் பாக்கேல்லை, என்ன."

அதனுடைய பிள்ளையை நீங்கள்தானே காப்பாற்றித் தந்தீர்கள் என்று சொல்ல வந்தேன், அழுகைதான் வந்தது. மாமி காத்திருந்தார். பிறகு, "அழாதை, பிள்ளை. வேலையைப் பார். நான் இதுக்குப் பக்கத்திலைதான் இருக்கிறன்," என்றார்.