தம்பி கையில் நான் கட்டிய துணி

எனக்கு வயது எழுபத்தொன்பது. ஆறு பேரை வளர்த்தவள் நான். வயிற்றில் பெற்றது நால்வர். ஐந்தாவது, தம்பியின் தாயில்லாத மகள் செல்வி. இந்த ஐவருக்கும் முன்னால், நானே பாவாடை கட்டிக்கொண்டிருந்த வயதில் வளர்த்தது தம்பியை. அந்தத் தம்பி நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் முடிகிறது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கை நடுங்குவதால் எழுதுவதில்லை. நான் சொல்லச் சொல்லச் செல்வியின் மகள், காலேஜில் படிக்கும் பேத்தி, எழுதுகிறாள். இந்த நினைவு மலரில் தம்பியை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்கிறாள். என் வாயில் 'அவன்' என்றுதான் வரும். ஆனாலும் நாலு ஊர் உறவுக்கும் போகிற புத்தகம் இது. அவர் என்றே இருக்கட்டும்.

தம்பி பிறந்தது பழவேற்காட்டில், ஏரிக்கரை ஓரத்தில் எங்கள் அப்பா, நைனா, போட்டிருந்த ஓலை வீட்டில். ஒன்பதாம் மாதம் தவழும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். எனக்குப் பதினொரு வயது. கஞ்சியை விரலில் தொட்டு அவர் நாக்கில் தடவித்தான் வளர்த்தேன். நைனா ஏரிக்குப் போய்விடுவார். வீட்டில் நான் சொன்னதுதான் சட்டம். அப்போதிருந்து அறுபத்தேழு வயது வரை தம்பி என் பேச்சைத் தட்டியதே இல்லை. "அக்கா சொன்னா செரிதான்" என்பார். இதை நான் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர் மீன்பிடிக்கப் போகவில்லை. லைட்ஹவுஸ் குப்பத்துக்கு முதன்முதலில் எஞ்சின் வைத்த படகு வந்தபோது ஊரே படகைப் பார்த்தது. தம்பி எஞ்சினைப் பார்த்தார். பத்து நாளில் அது நின்றுபோனது. மெட்ராசிலிருந்து ஒருவர் வந்து, கட்டைவிரல் அளவு இரும்பு ஒன்றைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனார். மறுநாள் கொண்டுவந்து மாட்டியதும் எஞ்சின் ஓடியது. அந்த இரும்புக்குப் பெயர் நாசில். பொடித் துளைகள் வழியாக டீசலைப் பனிபோல் எஞ்சினுக்குள் தெளிப்பது அதுதான். இவ்வளவு பெரிய எஞ்சின் இத்துனூண்டு துளையை நம்பியா இருக்கிறது என்ற யோசனையிலேயே தம்பி ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பதினேழாம் வயதில் அந்த ஆளையே தேடிக்கொண்டு மெட்ராசுக்குப் போனார். நைனா தடுத்தார். நான்தான் போகச் சொன்னேன்.

பதினொரு வருடம் அங்கே பம்பு நாசில் வேலை. தூசி ஒரு துளி போனாலும் பம்பு பாழ் என்பதால், கண்ணாடி அறைக்குள் கையைக் கழுவிவிட்டுத்தான் உட்காருவார்களாம். பொங்கலுக்கு வந்தவரின் கையைப் பிடித்துப் பார்த்து நைனா கேட்டார்:

"இன்னாடா மெக்கானிக்குன்ற, கை கல்யாணப் பொண்ணு கை மாட்டம் கீது?"

"பம்பு ரூமு ஆபரேஷன் ரூமு மாதிரி நைனா. அழுக்குக் கையோட போனா தொரத்திடுவாங்க."

"அப்ப மீன் புடிக்கிற எங்களயெல்லாம் கேட்டுலயே நிறுத்திருவான்னு சொல்லு."

திரும்பி வந்து, ஒல்லாந்தர் கல்லறை வாசலுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டார். அந்த வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பது உங்களுக்கெல்லாம் தெரியும். "எலும்புக்கூட்டாண்ட வண்டிய வுட்டா எலும்புக்கூடாத்தான் திரும்பும்" என்று ஊரில் கேலி செய்வார்கள். தம்பி மதிலுக்கு அந்தப் பக்கம் கை காட்டி, "அங்க படுத்துக்கினு கீறவங்க யாரும் இதுவரைக்கும் கம்ப்ளெயின்ட் குடுக்கலியே" என்பார். படகுக்காரர்கள் டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றிப் பம்பைக் கெடுத்துக்கொண்டு வருவார்கள். திட்டுவார், ஆனால் திருப்பி அனுப்ப மாட்டார். முகத்துவாரத்தில் எஞ்சின் நின்றால் உயிர் போகும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் வேலையை எனக்குப் புரியவைக்க ஒருமுறை நம் ஏரியின் 'பாடு' வழக்கத்தைத்தான் எடுத்துச் சொன்னார். பாடு என்றால் முறை. இன்றைக்கு உன் வலை, நாளைக்கு என் வலை. பழைய பம்பும் அப்படித்தானாம். ஒவ்வொரு நாசிலுக்கும் தனிக் குழாய். பம்பு முறை வைத்து ஒவ்வொன்றுக்காகத் தள்ளும். தள்ளும்போது குழாய் துடிக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தம்பி அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்ப்பார், வைத்தியர் நாடி பார்ப்பதுபோல. "மூணாவது செத்துக் கீது" என்பார். கழற்றினால் மூன்றாவது நாசில்தான் அடைத்திருக்கும். எங்காவது கசிந்தால் அதையும் விரலாலேயே தடவிக் கண்டுபிடிப்பார். நாற்பது வருடம் அந்த விரல்கள் செய்த வேலை அது.

பிறகு புது வண்டிகள் வந்தன. அதற்குக் காமன் ரெயில் என்று பெயர். முறை வைப்பதெல்லாம் இல்லை. டீசல் முழுவதும் ஒரே தடித்த குழாயில், பழையதைவிடப் பல மடங்கு அழுத்தத்தோடு எந்நேரமும் முட்டிக்கொண்டு நிற்கும். எந்த நாசில் எப்போது திறக்க வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டி சொல்லும். புகை குறைவு, சத்தம் குறைவு, டீசலும் மிச்சம். தம்பி அதைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஐம்பத்தெட்டாம் வயதில் சென்னைக்குப் போய், தன் மகனாக இருக்கக்கூடிய பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்துச் சர்டிபிகேட் வாங்கி வந்தார். அந்த வகுப்பில் முதல் நாளே சொன்னார்களாம், ஓடுகிற எஞ்சினில் கை வைக்காதே, கசிவைப் பார்க்க அட்டையை நீட்டு என்று. அதைத் தன் கையாலேயே கொட்டகைத் தகரத்தில் பெயின்டால் எழுதி வைத்தார்.

இதுவரை சொன்னது நீங்கள் அறிந்தது. இனிச் சொல்லப்போவது மூன்று பேருக்கு மட்டும் தெரிந்தது. அதில் ஒருவரான தம்பி இப்போது உயிரோடு இல்லை. இன்னொருவர் பஷீர் பாய். மூன்றாவது நான்.

பஷீர் பாய் நம் டவுன்காரர். மீன் ஏற்றும் வேன் வைத்திருக்கிறார். அன்று காலை பத்து மணி இருக்கும். வண்டியில் டீசல் நாற்றம் அடிக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை என்று கொட்டகைக்கு ஓட்டி வந்தார். தம்பி எஞ்சினை ஓடவிட்டுக் குனிந்து பார்த்தார். ஈரமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்றிலிருந்து டீசல் புகைபோல அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அட்டை பக்கத்திலேயே இருந்தது. எழுத்தும் எதிரில்தான் இருந்தது. ஆனால் அவர் கை, அவரைக் கேட்காமலே குழாய்மேல் போனது. ஆள்காட்டி விரலைச் சுண்டினாற்போல் இழுத்துக்கொண்டார்.

பார்த்தால் ஒன்றுமில்லை. ஊசி குத்தினாற்போல் ஒரு துளை. ரத்தம்கூட இல்லை. கொட்டகைக்குப் பின்னால்தான் என் வீடு. பஷீர் பாய் தம்பியை என்னிடம் அழைத்து வந்தார்.

"யக்கா, அண்ணனுக்குக் கையில டீசல் அடிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்கி இட்டுனு போறேன், வண்டிய எடுக்கறேன்."

நான் விரலைத் திருப்பிப் பார்த்தேன். கெளுத்தி முள் குத்தினால் இப்படித்தான் இருக்கும். எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறேன். நைனாவுக்கு, என் வீட்டுக்காரருக்கு, பிள்ளைகளுக்கு.

"இன்னா பாய், முள்ளு குத்துனாப்புல கீது. இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? மீன்காரன் வூட்டு ரத்தம் பாய் இது."

தம்பி மெதுவாகச் சொன்னார்: "யக்கா, இது முள்ளு இல்ல. துளை சின்னதா இருந்தாலும் ஒடனே டாக்டராண்ட போவணும்னு அந்த கிளாசுல சொன்னாங்க."

"கிளாசு பெருசா நான் பெருசா? கம்னு குந்து."

அவர் உட்கார்ந்தார்.

உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, கை பொறுக்கும் சூட்டில் ஒத்தடம் கொடுத்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். விஷம் மேலே ஏறாமல் இருக்க, என் பழைய புடவையைக் கிழித்து மணிக்கட்டில் இறுகக் கட்டினேன். பஷீர் பாய் வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். "உனுக்கு மீன் கெட்டுப் பூடும், நீ போ பாய்" என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலம் விரல் வீங்கியது. முள் இறங்கினால் வீங்கத்தான் செய்யும் என்றேன். மறுநாள் விடிந்தபோது விரல் வெளுத்துச் சில்லிட்டிருந்தது. கை முழங்கை வரை பருத்துவிட்டது. தம்பி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, அப்போதும் என் முகத்தைப் பார்த்து, "போலாமா யக்கா?" என்று உத்தரவுதான் கேட்டார்.

சென்னையில் பெரிய டாக்டர் கையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். துளைதான் வெளியே சின்னது, டீசல் தோலுக்கு உள்ளே நரம்போடு நரம்பாக உள்ளங்கை வரை பரவிவிட்டது, நேற்றே கீறி எடுத்திருந்தால் கை பிழைத்திருக்கும், சூடு கொடுத்ததும் இறுகக் கட்டியதும் இன்னும் கெடுத்துவிட்டது என்றார். "யாருய்யா கட்டினது?" என்று கேட்டார். நான் கட்டிலின் தலைமாட்டில்தான் நின்றிருந்தேன். நான் வாயைத் திறக்குமுன் தம்பி சொன்னார்:

"நானேதான் கட்டிக்கினேன் சார்."

முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு கையை எடுத்தார்கள். அவருக்குச் சர்க்கரை வேறு. ரத்தத்தில் விஷம் கலந்து, இருபத்து மூன்றாம் நாள், பகல் சாப்பாட்டு நேரத்தில் போய்விட்டார். கடைசி மூன்று நாளும் மயக்கத்திலேயே, இல்லாமல் போன கையைத் தூக்கித் தூக்கிக் குழாயைத் தேடினார் என்று நினைக்கிறேன்.

பஷீர் பாய்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிட்டார், தன் லோடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஓடிவிட்டார் என்று நம் வீட்டில் பேச்சு வந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. மறுத்துச் சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. தம்பியை எடுக்கிற அன்று பஷீர் பாய் மாலையோடு வந்தபோது, எளாவூர் மாப்பிள்ளை, செல்வியின் வீட்டுக்காரர், தெருமுனையிலேயே நிறுத்தி, "இன்னா மூஞ்ச வெச்சிக்கினு வந்த?" என்று சட்டையைப் பிடித்தார். பஷீர் பாய் என்னைப் பார்த்தார். நான் புடவைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் மாலையைக் கல்லறை மதிலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். தம்பியின் முப்பது வருடச் சிநேகிதர் அவர். ஒரு வருடமாக இந்தத் தெரு வழியாக அவர் வண்டி வருவதில்லை. செல்வி அவர் பெயரைச் சொன்னாலே காறித் துப்புகிறாள்.

என்மேல் பழி வரக்கூடாது என்று தம்பி பொய் சொன்னார். அக்காவைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று பாய் வாயைக் கட்டிக்கொண்டார். இரண்டு ஆண்கள் கொடுத்த மரியாதையில் நான் ஒரு வருடம் சோறு தின்றேன். இனி என்னால் முடியாது. இதைச் சொல்வதால் தம்பி வரப்போவதில்லை. எனக்கு மன்னிப்பும் வேண்டாம், கேட்கவும் இல்லை. மெக்கானிக் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். டீசல் பாய்ந்த துளை முள் குத்தியதுபோலத்தான் இருக்கும், முதலில் பெரிதாக வலிக்காது. உங்களை வளர்த்தவள் தடுத்தாலும் நில்லாமல் ஓடுங்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. ரத்தம் கொடுக்கப் பசியாவரத்திலிருந்து படகு ஏறி வந்த நான்கு பிள்ளைகள். ஆஸ்பத்திரியில் தம்பிக்கு ஒரு கையால் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொடுத்த நர்ஸ் பெண். கொட்டகைச் சாமான்களைத் துடைத்துப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து கொடுத்த பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து வார்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போன பஷீர் பாய். தம்பியைக் காப்பாற்ற நினைத்தவர் அவர் ஒருவர்தான். தடுத்தவள் நான். இந்த மலரின் முதல் பிரதி அவர் வீட்டுக்குப் போக வேண்டும். நானே எடுத்துப் போவேன்.

என்னம்மா, ஏன் நிறுத்திவிட்டாய்? அழுகை பிறகு அழலாம், தாத்தாவுக்கு நீ அழாமல் யார் அழுவார்கள். விட்ட வார்த்தையை எழுது, நான் சொன்னது சொன்னபடி. அச்சாபீசுக்கு அனுப்புவதற்கு முன்னால் இதை உன் அம்மா கேட்க வேண்டும். செல்வி பின்கட்டில்தான் இருக்கிறாள், வரச் சொல், என் எதிரில் உட்காரச் சொல். உட்கார்ந்தாளா? இப்போது படி பாப்பா, முதலிலிருந்து, உரக்கப் படி.