இருபது புள்ளி ஒன்பது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் காலை. சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் மூன்று நாள் பாதுகாப்புப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். அன்று கடைசி நாள். வகுப்பு போதும், நேரில் ஒரு வேலையைக் காட்டலாம் என்று முப்பது பேரையும் ஹெல்மெட்டோடு ஆலைக்குள் அழைத்துப் போனேன்.

நான் கெமிக்கல் இன்ஜினீயர். பன்னிரண்டு வருடம் ஆலைகளில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, திருப்பதிக்குக் குடிவந்த பிறகு பயிற்சி கொடுக்கிற வேலைக்கு மாறினேன். சூளூர்பேட்டை பக்கமும் சத்தியவேடு பக்கமும் நான் ஏறாத கம்பெனி பஸ் இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். என் பரீட்சையில் பாஸ் ஆவது கஷ்டம் என்று ஆட்கள் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்டு உள்ளுக்குள் மகிழ்ந்துதான் போவேன்.

அன்றைக்குக் காட்டப்போனது ரியாக்டருக்குள் ஆள் இறங்கும் வேலை. ரியாக்டர் என்றால் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வாய் இருக்கும். உள்ளே தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜன் வாயுவை நிரப்பி வைப்பார்கள். நைட்ரஜனுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் அப்படியே சரிவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் சரிவார். அதனால்தான் யாரும் இறங்குவதற்கு முன்னால் மீட்டரின் குழாயை உள்ளே விட்டு ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்து, பர்மிட் என்கிற அனுமதித் தாளில் அதற்கென்று உள்ள கட்டத்தில் எழுத வேண்டும். நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றில் அது இருபது புள்ளி ஒன்பது சதவீதம் இருக்கும்.

மேல்தளத்துக்கு ஏறினோம். இறங்கப்போகிறவர் நகரிப் பக்கத்துக்காரர். முன்பு பவர்லூம் ஓட்டியவர், ஐந்தாறு வருடமாக காண்ட்ராக்டில் தொட்டி சுத்தம் செய்கிறார். மறுநாள் திருத்தணியில் காவடி எடுப்பதாக வேண்டுதலாம். கழுத்து மாலையை உடுப்புக்குள் தள்ளிவிட்டிருந்தார். இடுப்பில் பெல்ட், அதில் கயிறு, வெளியே கயிறு பிடிக்க ஒருவர், எல்லாம் முறைப்படி இருந்தது.

ஷிஃப்ட் இன்சார்ஜ் என்னிடம் பர்மிட்டை நீட்டினார். முப்பது வயதுக்காரர், சத்தியவேடுதான் சொந்த ஊர், என் வகுப்பில் முன்பே படித்தவர். ஒரு கட்டம் பாக்கியில்லாமல் அச்சடித்ததுபோல எழுதியிருந்தார். ஆக்சிஜன் இருபது புள்ளி ஒன்பது. நேரம், கையெழுத்து எல்லாம் சரி. எனக்கு ஒரே பெருமை. "பாருங்க, பர்மிட்னா இப்படி இருக்கணும்" என்று முப்பது பேருக்கும் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினேன். நகரிக்காரர் அதற்குள் தொட்டி வாயில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டுவிட்டார்.

என் சாமர்த்தியத்தால்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. மீட்டரில் எண் எங்கே தெரியும் என்று மாணவர்களுக்குக் காட்டலாமே என்று தோன்றியது. அவ்வளவுதான். கையை நீட்டி மீட்டரைக் கேட்டேன்.

"ரூம்ல சார்ஜ்ல போட்டுகிது மேடம்" என்றார் இன்சார்ஜ்.

ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. மீட்டர் கீழே அறையில் இருந்தால் இந்த எண் எங்கிருந்து வந்தது? அளக்காமலே எழுதியிருக்கிறார். "இறங்காதீங்க, மேல வாங்க" என்று கத்தினேன்.

"ரெண்டே நிமிசம்மா, சுரண்டிக்கினு வந்துடுறேன். பொண்ணு பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு கீறா" என்று சொல்லியபடியே அவர் ஏணியில் காலை ஊன்றினார். இடுப்புவரை உள்ளே போய்விட்டார். நான் பாய்ந்து அவருடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். கயிறு பிடித்தவரும் இழுத்தார். மூன்று பேருமாகத் தளத்தில் விழுந்தோம். என் முழங்கையில் தோல் உரிந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

ஒருவர் ஓடிப்போய் மீட்டரைக் கொண்டு வந்தார். குழாயை உள்ளே விட்டதும் அது அலறத் தொடங்கியது. எண் இறங்கி இறங்கி ஆறுக்குக் கீழே போய் நின்றது. நைட்ரஜன் வால்வை மூடித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அது கசிந்து தொட்டிக்குள் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அந்த அலறலை அணைக்கக்கூட யாருக்கும் கை வரவில்லை.

நகரிக்காரர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. உடுப்புக்குள் இருந்த மாலையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "எறங்கியிருந்தா இன்னாம்மா ஆயிருக்கும்?" என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "ரெண்டு மூச்சுதான்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு குழந்தையைப்போல விசும்பி அழுதார்.

அதைப் பார்த்ததும் என் பயம் முழுவதும் கோபமாகத் திரும்பியது. இன்சார்ஜை எல்லோர் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டினேன். படித்தவன்தானா நீ, கொலைகாரனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் கேட்டேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தப்பு என்னுதுதான் மேடம். ஆனா மொத தபா உங்க கிளாஸ் பரீட்சையில அந்தக் கட்டத்தக் காலியாத்தான் வுட்டேன். கையில மீட்டர் இல்லியே, இன்னா எழுதறதுன்னு. நீங்க சைபர் போட்டீங்க. இங்க எல்லாரும் உங்க மாடல் தாளத்தான் பாத்து எழுதறோம்."

கீழே அறைக்கு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினார். பர்மிட் எழுதும் மேசைக்கு மேலே, பிளாஸ்டிக் உறை போட்டு, என் மாதிரித் தாள் தொங்கியது. எப்படி எழுத வேண்டும் என்று விளக்குவதற்காக நானே நிரப்பி எல்லாக் கம்பெனிகளிலும் விநியோகித்த தாள். ஆக்சிஜன் கட்டத்தில் என் கையெழுத்தில் இருபது புள்ளி ஒன்பது. பழைய பர்மிட் கோப்பைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். எல்லாத் தாளிலும் அதே எண். ஒரு தாளிலாவது இருபது புள்ளி ஏழு என்றோ எட்டு என்றோ இருக்காதா என்று தேடினேன். இல்லை.

மதியம் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விபத்து தவறியதைப் பற்றி வெளியாள் என்ற முறையில் நானே அறிக்கை எழுதித் தர வேண்டும் என்றார். காரணம் இன்சார்ஜின் அலட்சியம் என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு அத்தோடு முடித்துக்கொள்ளலாம். "பர்லேது மேடம், மீ பேரு ராது" என்று தெலுங்கில் தைரியம் வேறு சொன்னார். பரவாயில்லை, என் பெயர் வராதாம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

திருப்பதிக்கு வந்ததும் பரண்மேல் இருந்த பழைய விடைத்தாள் கட்டுகளை இறக்கினேன். அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினேன். கிடைத்தது. அந்த வகுப்பில் நாற்பது பேர். முப்பத்தொன்பது பேர் என் மாதிரியைப் பார்த்து எண்ணை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். அவர் ஒருவர் மட்டும் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் 'மீட்டர் இல்லை' என்று எழுதியிருந்தார். அதன்மேல் சிவப்பு மையில் பெரிய சைபர் போட்டு, 'கட்டத்தைக் காலியாக விடக்கூடாது' என்று அடிக்கோடிட்டிருந்தேன். நாற்பது பேரில் சரியாக விடை எழுதியவர் அவர்தான். அவரைத் திருத்தித் தவறாக எழுதப் பழக்கியது நான்.

தரையில் அந்தத் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். பிறகு அறிக்கை எழுதினேன். அளக்காமல் எழுதியது இன்சார்ஜின் தவறு என்றும், அளக்காமல் எழுதக் கற்றுக்கொடுத்தது பயிற்சியாளரின் தவறு என்றும் இரண்டையும் எழுதி, அந்த விடைத்தாளின் நகலை இணைத்தேன். அவர் வேலை தப்பியது. அந்த ஆலை அதன்பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, புகாரும் இல்லை.

மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் போன் செய்தேன். சுவரில் இருக்கும் என் தாளைக் கிழித்துவிடச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் சரி என்றார்கள், சிலருடைய போன் எண்கள் மாறிப்போயிருந்தன. இப்போது என் வகுப்பில், மீட்டர் கையில் இல்லாமல் அந்தக் கட்டத்தை நிரப்பினால்தான் சைபர். ஆனால் இத்தனை வருடத்தில் நான் முழு மதிப்பெண் போட்டு அனுப்பியவர்களில் எத்தனை பேர் இன்றைக்கும் ஏதோ ஒரு தொட்டியின் வாயருகே நின்று, அளந்து பார்க்காமல் என் எண்ணை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையோடுதான் ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் நுழைகிறேன்.